கழுத்து ஒத்துக்கொண்ட ஒப்பந்தம்

விமானிகள் சங்கத்தில் அவருக்குத் ‘தாலாட்டு கேப்டன்’ என்று பெயர். அப்படியொரு குரல். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், வானிலையைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி விமானம் குறட்டை விடும். அதில் அவருக்கு உள்ளூர வருத்தம்தான்.

ஒப்பந்தப் பேச்சுவார்த்தை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தது. அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும் விமானிகள் படுத்து எழக் கட்டில் போட்ட அறை வேண்டும் என்று சங்கம் கேட்டது. "அதான் நாற்காலி இருக்கே! உட்கார்ந்தா ஓய்வு இல்லையா?" என்று மேலாளர் பிடித்த பிடியை விடவில்லை. தொண்டை கிழியக் கத்தியவர்கள் எல்லாரும் ஓய்ந்தபின், வேறு ஆளில்லாமல் இவரை அனுப்பினார்கள்.

"தக்காளி வாங்கப் போனாலே சொன்ன விலையைக் கொடுத்துட்டு வர்றவரு, நீங்களா பேசப்போறீங்க?" என்று மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். கேப்டனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணாடி முன் நின்று, மேசையைக் குத்துவதாக நினைத்துக்கொண்டு வாஷ்பேசினைக் குத்திப் பழகினார்.

மறுநாள் மேசையைக் குத்தவும் செய்தார். ஆனால் வாயைத் திறந்ததும், "நிர்வாகத்தின் கனிவான கவனத்திற்கு" என்றுதான் வந்தது. சற்று நேரத்தில் மேலாளரின் கண் சொக்கியது. தலை இடது தோளில் சாய்ந்தது.

"எழுப்பலாமா சார்?" என்று சங்கச் செயலாளர் கிசுகிசுத்தார்.

"பாவம், தூங்கட்டும். நான் இன்னும் ஓய்வூதியத்துக்கே வரலை" என்று கேப்டன் தொடர்ந்தார்.

மதியச் சாப்பாடு வந்த சத்தத்தில் மேலாளர் திடுக்கிட்டு விழித்தார். "இறங்கிட்டோமா?" என்றார். கழுத்து திரும்பவில்லை. "ஐயோ! என்ன நாற்காலிய்யா இது! மனுஷன் தூங்குவானா இதுல?"

"அதைத்தான் சார் காலையிலேர்ந்து சொல்லிட்டிருக்கேன்" என்றார் கேப்டன், அதே குரலில்.

மேலாளரால் தலையாட்ட முடியவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே கட்டில் அறைக்குக் கையெழுத்துப் போட்டார்.

"ஜெயிச்சுட்டீங்களாமே!" என்று மனைவி வாசலுக்கே வந்தாள்.

"எங்க? நான் சொன்ன ஒரு நியாயம்கூட அந்தாளு காதுல விழலை. கழுத்துதான் ஒத்துக்கிச்சு."

"கழுத்தோ காலோ, கட்டில் கிடைச்சுதுல்ல? கை கழுவிட்டுச் சாப்பிட வாங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே சாப்பிட்டார். அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன், இனிமேல் அந்தக் கேப்டன் எதையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று நிர்வாகம் நிபந்தனை போட்டது. வாயால்தான் சொல்வார் என்று சங்கம் ஒரே குரலில் மறுத்துவிட்டது.