அம்மிக்கல்லில் எடுத்த படம்

தரக் கையேடு, அத்தியாயம் ஏழு, விதி பன்னிரண்டு: "விசாரணைக்குரிய பழுதான பாகம் முத்திரையிட்ட உறையில் வைக்கப்பட வேண்டும். சம்பந்தப்பட்ட பணியாளரும் இரண்டு சாட்சிகளும் உடனிருக்கும்போது மட்டுமே உறையைப் பிரிக்கலாம். பிரித்ததும் மூவரும் கையெழுத்திட வேண்டும். பதிவு இல்லாத செயல் நடந்ததாகக் கொள்ளப்படாது."

இதை எழுதியவன் நான்தான். கடைசி வாக்கியத்தைச் சேர்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. திருச்சிக்கு வெளியே, கிரேன்களுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, தரப் பிரிவின் தலைவராக ஓய்வு பெற்றேன். எந்தப் படிவத்தை எந்த நிறத் தாளில் எத்தனை நகல் எடுக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் சிலர் வேறொன்றைக் கேட்கிறார்கள். சிப்பின் கறுப்பு பிளாஸ்டிக்குக்குள் இருக்கும் சிலிக்கான் துண்டை, அதாவது டையை, குறைந்த செலவில் படம் எடுப்பது எப்படி என்று. சொல்கிறேன். நான் ஏன் அதைக் கற்றுக்கொண்டேன் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

1. கையெழுத்து இல்லாத நாள்

மும்தாஜ் பாலக்கரையிலிருந்து வருவார். ரீவொர்க் பெஞ்சில் பதினெட்டு வருடம். போர்டிலிருந்து சிப்பைக் கழற்றி வேறு சிப் வைப்பது அவர் வேலை. அவர் வைத்த சால்டரை லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல வராது. குறை சொல்வது என் வேலை என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பிரேக்குக்கு மின்னோட்டம் கொடுக்கும் டிரைவர் சிப் இரண்டை அவர் மாற்றிக் கொடுத்த ஒரு பிரேக் போர்டு, வெளியூரில் ஒரு கிரேனில் மாட்டிய மூன்றாம் வாரம் செயலிழந்தது. தொங்கிக்கொண்டிருந்த இரும்புக் குழாய்கள் இறங்கிவிட்டன. கீழே நின்ற செல்வம் என்ற தொழிலாளிக்கு முழங்காலுக்குக் கீழே இடது கால் போயிற்று. தொட்டியத்துக்காரர்.

போர்டு திரும்பி வந்தது. இரண்டு சிப்பில் ஒன்று கரிக்கட்டை. மற்றொன்று வெளியே பார்க்க முழுசாக இருந்தது. அதை மும்தாஜே எங்கள் முன்னிலையில் கழற்றினார். கழற்றியதும் இடுக்கி முனையால் அதன் மேற்பரப்பைத் தடவிப் பார்த்தார்.

"சார், இது மேல பெயின்ட் அடிச்ச மாதிரி வழுக்குது. நாம எப்பவும் போடுற ஐசி சொரசொரன்னு இருக்கும்."

நான் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அது அபிப்பிராயம், அளவீடு இல்லை. சிப்பை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, மூன்று பேர் கையெழுத்திட்டோம்.

விசாரணை அரை மணி நேரம் நடந்தது. கையிலிருந்து பாயும் ஸ்டாட்டிக் மின்சாரம் சிப்பைக் கெடுத்திருக்கலாம் என்றார்கள். அதைத் தடுக்க, பெஞ்சில் உட்காருபவர் மணிக்கட்டில் ஸ்ட்ராப் கட்டிக்கொண்டு, அதைச் சோதித்து, ரெஜிஸ்டரில் கையெழுத்திட வேண்டும்.

"ஸ்ட்ராப் போட்டிருந்தீங்களாம்மா?" என்று பொது மேலாளர் கேட்டார்.

"போட்டிருந்தேன் சார்."

"ரெஜிஸ்டர்ல கையெழுத்து இல்லியே."

"அவசரம்னு நேரா பெஞ்சுக்குக் கூப்பிட்டாங்க சார். கையெழுத்து மறந்துட்டேன். ஸ்ட்ராப் மறக்கல."

பொது மேலாளர் என் பக்கம் திரும்பினார். "மேனுவல் என்ன சார் சொல்லுது? நீங்க எழுதுனதுதானே, நீங்களே படிங்க."

நான் படித்தேன். உச்சரிப்பு எனக்கு நன்றாக இருக்கும். பதிவு இல்லாத செயல் நடந்ததாகக் கொள்ளப்படாது. மும்தாஜை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த இரண்டு சிப்பும் வந்த ரீலில் மீதமிருந்த சிப்புகளை அதே வாரம் ஸ்கிராப்பில் அரைத்துவிட்டார்கள். அந்த வேகத்தில் எங்கள் தொழிற்சாலை வேறெதையும் செய்து நான் பார்த்ததில்லை.

கேட்டில் மும்தாஜ் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"வேலை போனா போவுது சார். அந்த ஆளு காலு என் கையாலதான் போச்சா? அத மட்டும் யாராச்சும் பாத்துச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவங்க வீட்டம்மா வராண்டாவுல உக்காந்திருந்தாங்க. கிட்ட போவ முடியல. போயி என்னான்னு சொல்றது?"

2. பி.வி.சி. குழாயும் மைக்ரோஸ்கோப்பும்

ஓய்வு பெற்ற நாளில் உறையை எனக்குப் பின் வந்தவரிடம் ஒப்படைக்கப் போனேன். "இத வச்சு நான் என்ன சார் பண்றது? அந்தம்மா மேல்முறையீடு போட்டா அது முடியுற வரைக்கும் நீங்களே வச்சுக்குங்க" என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். ஆக, முத்திரை உடையாத உறை, முறையான கடிதத்தோடு, ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு பீரோவுக்கு வந்து சேர்ந்தது.

கூட்டாகத் திறந்து பார்க்க ஏற்பாடு செய்யும்படி தலைமை அலுவலகத்துக்கு நான்கு கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. வெளி ஆய்வகம் கேட்ட கட்டணம் என் கைக்கும் எட்டவில்லை, மும்தாஜ் கைக்கும் எட்டவில்லை. நாமே செய்துவிடுவோம் என்று இறங்கினேன்.

குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸை மாற்றக்கூடிய பழைய கேமரா ஒன்று வேண்டும். சிங்காரத்தோப்பில் செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். லென்ஸ் தேவையில்லை. அந்த இடத்தில், கல்லூரி லேபில் கழித்துப்போடும் மைக்ரோஸ்கோப்பின் கீழ் லென்ஸை, அதாவது 4எக்ஸ் ஆப்ஜெக்டிவைப் பொருத்த வேண்டும். அதன் பக்கத்தில் 160 என்று எழுதியிருக்க வேண்டும். இன்ஃபினிட்டிக் குறி இருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு நடுவில் இன்னொரு லென்ஸ் தேவைப்படும். கேமராவுக்கும் ஆப்ஜெக்டிவுக்கும் நடுவே பி.வி.சி. குழாய். உள்ளே கறுப்புத் தாள் ஒட்டாவிட்டால் படம் பால் ஊற்றியது போல வெளுத்துப்போகும்.

டை ஒரு கண்ணாடி மாதிரி. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் இருட்டாகத் தெரியும். லென்ஸுக்கும் டைக்கும் நடுவே மெல்லிய கவர் கிளாஸை நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து வைத்து, பக்கத்திலிருந்து எல்.ஈ.டி. விளக்கை அதன்மேல் அடிக்க வேண்டும். வெளிச்சம் மடங்கி நேர் கீழே போய், டையில் பட்டு, நேர் மேலே திரும்பும். விளக்கின் முன்னால், வெளிச்சம் பரவ, ஒரு பட்டர் பேப்பர். முதல் முறை அப்படிப் பார்த்தபோது, மேலே இருந்து பார்த்த ஊர் மாதிரி வீதி வீதியாகத் தெரிந்தது.

இந்த உருப்பெருக்கத்தில் ஃபோகஸ் முடியளவுகூட நிற்காது. டையை அதே மைக்ரோஸ்கோப்பின் தட்டில் வைத்து, அதன் நுண்திருகைத் துளித்துளியாகத் திருப்பி இருபது படம் எடுத்து, இலவச மென்பொருளில் ஒன்றாக அடுக்க வேண்டும். இதற்குப் பெரிய எதிரி அதிர்வு. தெருவில் வேன் போனால் டை நடுங்கும். எல்லாவற்றையும் அம்மிக்கல்லின் மேல் ஏற்றி, அம்மிக்கு அடியில் சைக்கிள் டியூபைக் கொஞ்சம் காற்றடித்து வைத்தேன். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் டைமரில் விட்டேன். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் தெரு கொஞ்சம் ஓயும், அதுதான் என் வேலை நேரம்.

"மிக்ஸி ரிப்பேர்னா சட்னிக்கு எங்க போறது?" என்று என் மனைவி கேட்டார்.

"ஹோட்டல்ல வாங்கிக்கலாம்."

"அப்ப அந்த அம்மிக்கும் ரிடையர்மென்ட் குடுத்துட்டீங்க. நல்லது."

சிப்பைத் திறக்கச் சிலர் அமிலம் பயன்படுத்துவார்கள். வீட்டில் அந்த வேலை வேண்டாம். சால்டருக்குப் போடும் ரோசினைச் சோதனைக் குழாயில் உருக்கிக் கொதிக்கவிட்டு, அதில் சிப்பைப் போட்டால் பிளாஸ்டிக் மெல்ல மெல்லக் கரையும். ரோசின் கறுத்ததும் மாற்ற வேண்டும், பல மணி நேரம் ஆகும். நன்றாக ஆறிய பிறகுதான் அசிட்டோனில் கழுவ வேண்டும், தீப்பிடிக்கும். கொல்லைப்புறத்தில், மூக்கைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். மும்தாஜ் பதினெட்டு வருடம் அந்தப் புகையைச் சுவாசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குக் கண் எரிந்தபோதுதான் உறைத்தது.

நாற்பது ஸ்கிராப் சிப்புகளில் பழகினேன். முதல் பத்தில் டை உடைந்தது. கடைசிப் பத்தில் ஒன்றுகூட உடையவில்லை. அதே எண்ணுள்ள அசல் சிப் ஒன்றை நம்பகமான கடையில் வாங்கி, திறந்து, ஒப்பிடுவதற்குப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

3. அரக்கு

அன்று காலை மழை வருவது போலிருந்து வரவில்லை. தெருவில் ஒரு வண்டி இல்லை. கடைசியாகத் திறந்த ஸ்கிராப் சிப் அவ்வளவு சுத்தமாக வந்திருந்தது. பீரோவைத் திறந்து உறையை எடுத்தேன். அரக்கை உடைத்தேன்.

எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற சார்பதிவாளர் இருக்கிறார். வாழ்நாள் முழுவதும் சாட்சிக் கையெழுத்து வாங்கியே காலம் தள்ளியவர். கூப்பிட்டிருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு அப்படியே வந்திருப்பார். அவர் மருமகன் இரண்டாவது சாட்சி ஆகியிருப்பார். மும்தாஜுக்குப் போன் செய்திருந்தால் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஒரு மணி நேரத்தில் வந்திருப்பார். இந்த மூன்று பேரில் ஒருவர் நினைப்பும் எனக்கு வரவில்லை. வந்ததெல்லாம் கொல்லையில் ரோசின் வேலை முடிவதற்குள் இந்த வெளிச்சம் போய்விடுமே என்ற நினைப்புத்தான்.

மாலைக்குள் படம் கிடைத்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம். இந்த டை, அசல் சிப்பின் டையில் பாதி அளவுதான் இருந்தது. ஓரத்தில் பொறித்திருந்த எழுத்துகள் வேறு ஒரு தயாரிப்பாளருடையவை. எண்ணும் வேறு. யாரோ குறைந்த மின்னோட்டம் தாங்கும் மலிவான சிப்பின் மேல் கறுப்புப் பூசி, விலை கூடிய சிப்பின் எண்ணை அச்சடித்து விற்றிருக்கிறார்கள். பிரேக் சுமையை அது மூன்று வாரம் தாங்கியதே அதிகம். ஸ்டாட்டிக்கைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. பெயின்ட் அடித்த மாதிரி வழுக்குகிறது என்று அவர் அன்றே சொல்லியிருந்தார்.

மறுநாள் மும்தாஜ் வந்தார். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"ரெண்டும் மேல ஒரே நம்பரா சார்?"

"ஒரே நம்பர்."

"அப்ப என் கை இல்ல."

"உங்க கை இல்லம்மா."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். என் மனைவி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு மும்தாஜ் கேட்டார்: "இத ஆபீஸ்லேர்ந்து ஒரு பேப்பர்ல எழுதிக் குடுப்பாங்களா சார்? எடுத்துக்கிட்டு தொட்டியம் போயிட்டு வரேன். வெறுங்கையோட போனா, தப்பிச்சுக்கப் பேசுறான்னுதான் அந்தம்மா நெனைப்பாங்க."

எழுதிக் கொடுப்பார்கள் என்றேன். சொல்லும்போதே உடைந்த அரக்கு மேசை மேல் கிடந்தது. அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

4. உள்வரவு

மும்தாஜ் கையெழுத்திட்ட மேல்முறையீட்டோடு படங்களைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். உறையை எப்போது, எங்கே, எப்படித் திறந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதினேன். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. பதிலுக்கு என் முகவரியைக் கொடுத்திருந்தேன். மும்தாஜ் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்வார். "தபால் வந்துச்சா சார்?" அவ்வளவுதான் கேட்பார். மழைக்காலம் போய், பனி போய், மறுபடி வெயில் வந்தது.

பதில் ஒரே பக்கம். ஒளிப்படங்கள் தெளிவாக உள்ளன என்று முதல் வரியிலேயே பாராட்டியிருந்தார்கள். அத்தியாயம் ஏழு, விதி பன்னிரண்டின்படி, பணியாளரோ சாட்சிகளோ இல்லாமல் உறை பிரிக்கப்பட்டிருப்பதால், படத்தில் உள்ள பாகம் உறையிலிருந்த பாகம்தான் என்பதற்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாத செயல் நடந்ததாகக் கொள்ளப்படாது. மேல்முறையீடு நிராகரிக்கப்படுகிறது.

ஒரு எழுத்துப் பிழை இல்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது என்று நானே போன் செய்தேன். படித்துக் காட்டினேன். இரண்டாவது முறையாக அந்த வாக்கியத்தை அவர் என் குரலில் கேட்டார்.

"பரவாயில்ல சார். எனக்குத் தெரிஞ்சிருச்சுல்ல, அது போதும்" என்றார். பிறகு, "தொட்டியத்துக்குத்தான் போவ முடியாது" என்றார்.

பிள்ளைகளே, கேமராவும் குழாயும் ரோசினும் பற்றி நான் சொன்னதெல்லாம் சரியாக வேலை செய்யும், தயங்காமல் செய்து பாருங்கள். ஆனால் ஒருவருடைய பேர் அடங்கிய உறையைத் திறக்கும் முன், வெளிச்சம் போனால் போகட்டும் என்று எதிர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

முப்பது வருடப் பழக்கம், எந்தக் கடிதம் வந்தாலும் வலது மேல் மூலையில் உள்வரவுத் தேதி போட்டுவிடுவேன். இதிலும் போட்டிருக்கிறேன். மார்ச் பதினொன்று.