கோரையாரின் கண்டுபிடிப்பு

ஏரிக்கரை ஈரப் புல்வெளியில் எங்கே கோரை, எங்கே நாணல், எங்கே அருகம்புல் என்று எண்ணிக் குறிப்பதுதான் அவர் உத்தியோகம். பதினான்கு வருடமாக, வாரம் தவறாமல், சாலையோரத்திலிருந்து தண்ணீர் விளிம்பு வரை முளையடித்த ஒரே வரிசையில் நடப்பார். ஒவ்வொரு முளையருகிலும் மரச்சட்டத்தை வைத்து உள்ளே இருப்பதை எண்ணுவார். சட்டத்துக்குள் பார்க்கத்தான் சம்பளம் என்பதால் வெளியே தலை நிமிர்ந்து பார்த்ததில்லை. அலுவலகத்தில் அவருக்குக் கோரையார் என்று பட்டம். மனிதருக்கு அதில் உள்ளூரப் பெருமை. கொடுத்தவர்கள் சிரித்ததை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்த வருடம் வாழ்க்கையின் முதல் கண்டுபிடிப்பு வாய்த்தது. கோரை குறைகிறது, அருகம்புல் பரவுகிறது, ஆகவே ஈரம் வற்றிவிட்டது என்று நாற்பது பக்கம் எழுதினார். மேலதிகாரி முதன்முறையாக அவரை உட்காரச் சொன்னார்.

"ஈரமே இல்லேன்னா மண்ணைக் கொட்டி வண்டி நிறுத்துற இடமாக்கிடலாம். நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

கோரையாருக்கு அந்தப் புல்வெளியைத் தவிர வேறு எதுவும் தெரியாது.

மாலையில் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். பத்தடி போனதும் அந்த அம்மாள் வரிசையை விட்டு விலகிக் கால் வைத்தாள். செருப்பு சேற்றில் புதைந்தது.

"இங்க கோரை இடுப்பு வரைக்கும் நிக்குதே. நீங்க நடக்கிற இடத்துல மட்டும்தான் இல்ல."

"அதைத்தான் எழுதியிருக்கேன்."

"இது ஒத்தையடிப் பாதைங்க. பதினாலு வருஷமா மிதிச்சா வேற என்ன முளைக்கும்?"

திரும்பிப் பார்த்தார். தண்ணீர் வரை ஒரே தடம், அவருடைய பூட்ஸ் பதித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதையை ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவர்தான். வெட்கம் காதுவரை ஏறியது. வாயை மூடிக்கொண்டால் மானம் தப்பும், புல்வெளி போய்விடும். இரண்டில் எது பெரிது என்று யோசிக்க அவருக்கு வீடு வரை ஆனது.

மறுநாள் ஒற்றைத் தாளில் கையெழுத்திட்டு மேலதிகாரியின் மேசையில் வைத்தார். நாற்பது பக்கமும் தப்பு, நிலம் ஈரமாகவே இருக்கிறது, மூட முகாந்திரம் இல்லை என்று எழுதியிருந்தது. இந்த முறை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"அப்போ கோரை அழிஞ்சதுக்கு என்னதான் காரணம்?"

கோரையார் சேறு காயாத பூட்ஸை முன்னே நீட்டிக் காட்டினார்.

"இதுதாங்க சார்."