சீமெந்துக் கப்பல்மேல் போட்ட பழி

என் தலையில் ஏழு கட்டிகள் இருக்கின்றன. மூக்கருகே இன்னும் இரண்டு. யாரைக் கேட்டாலும் நான் மூட்டை இறக்கும் துறைமுகத்தில் சீமெந்துத் தூள் பட்டு வந்தது என்பார்கள். அந்தப் பொய்யைப் பரப்பியவன் நான்தான்.

அப்பாவுக்கும் இருந்தது. துவாயால் தலையைக் கட்டிக்கொண்டே கப்பலில் மூட்டை இறக்கி, அப்படியே செத்தும் போனார். மூட்டை சுமக்கிறவனின் துவாயை யார் அவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?

கொழும்பில் ஒரு கட்டியை வெட்டிச் சோதித்த டொக்டர் விளக்கினார். கிருமியோ காயமோ வந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி, தோலையும் தசையையும் ஆக்கும் நுண்ணிய கலங்களுக்கு ‘வளருங்கள், சாகாதீர்கள்’ என்று செய்தி அனுப்புமாம். யூபிக்குவிட்டின் என்ற சின்னப் புரதம் மற்றப் புரதங்களில் ஒட்டிக்கொண்டு அந்தச் செய்தியைக் கடத்தும். வேலை முடிந்ததும் ஒட்டிய யூபிக்குவிட்டினைக் கழற்றிச் செய்தியை நிறுத்த, என்சைம் எனப்படும் ஒரு நொதியம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அந்த நொதியத்தைச் செய்யும் பரம்பரை அலகு பழுது. நிறுத்த ஆளில்லாமல் கலங்கள் பெருகிக்கொண்டே போகின்றன.

“தங்கச்சிக்கும் வர சரிபாதி வாய்ப்பு இருக்கு. பிள்ளை பெற முதல் கட்டாயம் சொல்லுங்கோ,” என்றார்.

தங்கைக்குச் சாம்பல்தீவில் கலியாணம் பொருந்தியிருந்த நேரம். அம்மா டொக்டர் தந்த அறிக்கையை மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“வாயைத் திறந்தியெண்டால் அவளின்ர வாழ்க்கை மண்ணாப் போயிடும். சீமெந்து பட்டதெண்டு சொல்லு.”

சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய், எந்தக் கப்பல், எந்த இறங்குதுறை என்றெல்லாம் சோடித்துச் சொன்னேன். பாவம் என்று தேத்தண்ணி தந்தார்கள். தங்கையும் நம்பினாள். எனக்குப் பெண் பார்க்கிற கதையே பிறகு வீட்டில் எழவில்லை. தங்கைக்காக என்னையே கொடுத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். த்தூ, வெட்கங்கெட்ட பெருமை.

போன மாதம் தங்கை மகளையும் கூட்டிக்கொண்டு பாலையூற்றிலுள்ள என் வீட்டுக்கு வந்தாள். கொண்டையை அவிழ்த்து, என் கையைப் பிடித்துத் தன் உச்சியில் வைத்தாள். மூன்று கட்டிகள்.

“அண்ணா, நான் ஒருநாளும் துறைமுகத்துக்குள்ள கால் வைக்கேல்லை. எனக்கு எப்படி வந்தது?”

அப்பா, நொதியம், அறிக்கை, அம்மா, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

“இவள் பிறக்க முதலே உங்களுக்குத் தெரியும், என்ன?”

“ஓம்.”

முற்றத்தில் நின்ற மகளைக் கூப்பிட்டு முன்னால் இருத்தினாள். பின்னலைக் குலைத்து, பேன் பார்ப்பதுபோல வகிடு வகிடாகத் தடவினாள். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. என்ன தேடுகிறீர்கள் என்று தாயைக் கேட்டது.

“மாமாட்டக் கேள்,” என்றாள் தங்கை.