விழுந்த ஈக்கள் சாகவில்லை

பேசிப் பேசிச் சொல் தீர்ந்துபோனவர் அத்தோடு முடிந்துவிட்டாரா? ஈக்காரம்மாவின் வாழ்க்கை கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான்.

நரம்பு ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினெட்டு வருடம் பழ ஈக்களை வளர்த்தார் அவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவற்றைப் பழைய சீசாவிலிருந்து புதுக் கூழ் ஊற்றிய சீசாவுக்குத் தட்டி மாற்றி, வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும்.

“இன்னிக்கும் ஆபீஸ்ல ஈ ஓட்டினியா?” என்பார் பஸ் டிரைவரான கணவர்.

“ஓட்டல, வளத்தேன். நீங்க பஸ்ஸ ஒழுங்கா ஓட்டுங்க.”

அந்த ஈக்களில் ஒரு வகை, சூடேறினால் விழும். நரம்பு நுனியில் ரசாயனம் நிரம்பிய நுண்பைகள் உண்டு. நரம்பு தசைக்கு அனுப்பும் ஒவ்வொரு சேதிக்கும் சில பைகள் நுனியின் சவ்வோடு ஒட்டி, உள்ளிருப்பதைக் கொட்டிவிடும். சவ்விலிருந்து பையைத் திரும்பக் கிள்ளியெடுத்து நிரப்பினால்தான் பேச்சு தொடரும். இந்த ஈக்களுக்குச் சூட்டில் அந்தக் கிள்ளல் நின்றுவிடுகிறது. இருக்கிற பைகள் தீர்ந்ததும் கால் மடங்கும்.

புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், விழுந்ததைப் பார்த்த கையோடு பதிவேட்டில் ‘இறந்தன’ என்று எழுதிவிட்டார். அதைப் படித்த இயக்குநர், சாகிற வம்சத்தை எதற்குக் கட்டிக்காக்க வேண்டும் என்று, எல்லாச் சீசாவையும் நீராவியில் வைத்து அழிக்கச் சொன்னார்.

“சீசா அறைச் சாவிய தர மாட்டேன்” என்றார் ஈக்காரம்மா.

“இது உங்க வீட்டு ஈ இல்லம்மா.”

“உங்க வீட்டுதும் இல்ல சார். அஞ்சு நிமிஷம் நில்லுங்க.”

ஒரு சீசாவை வெந்நீர்த் தொட்டியில் இறக்கினார். வெப்பமானி முப்பதைத் தாண்டியதும் ஈக்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

“பாத்தீங்களா? செத்தாச்சு” என்றார் இயக்குநர்.

“சாகல. சரக்கு தீந்துபோச்சு, அவ்ளோதான்.”

சீசாவை எடுத்துக் குளிர்ந்த மேசையில் வைத்தார். முதல் நிமிடம் எதுவும் அசையவில்லை. ஈக்காரம்மா சீசாவைப் பார்க்கவில்லை, இயக்குநரையே முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு கால் உதறியது. ஓர் இறக்கை விரிந்தது. சற்றைக்கெல்லாம் கண்ணாடி முழுக்க ஏறிக்கொண்டிருந்தன.

‘இறந்தன’ என்பதை அடித்து, ‘விழுந்தன, எழுந்தன’ என்று எழுதிப் பதிவேட்டை நீட்டினார். “கையெழுத்து போடுங்க சார்.” போட்டார். சாதனை என்று சொல்வதற்கில்லை. ஈக்காரம்மா ஒரு சொல்லைத் திருத்தினார். வம்சம் தப்பியது.

அடுத்த மாதம் இயக்குநர் விருந்தினர்களோடு வந்தார். “அம்மா, அந்த வித்தைய இவங்களுக்கும் ஒரு தடவ காட்டுங்க.”

“வேடிக்கைக்காக அதுங்கள விழ வெக்க மாட்டேன் சார். நீங்களே காட்டுங்க.” சீசாவை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். ஓய்வு பெறும்வரை அந்த ஈக்களைத் தம் கையால் மறுபடி சூட்டில் இறக்கவே இல்லை.