மருமக்களைக் கொண்டு கட்டிய அணி

ஷாஃப்ஹவுசன் மைதான ஓரத்தில், மழைக் கூடாரத்துக்குள் நிற்கிறேன். இன்னும் இருபது நிமிடத்தில் இறுதி ஆட்டம். புலம்பெயர்ந்து வந்த நாங்கள், தாயகத்தில் விட்டுவந்த ஊருக்கு ஓர் அணி என்று நடத்தும் உதைபந்தாட்டச் சுற்று இது. அந்தந்த ஊர்க்காரர் மட்டுமே ஆடலாம். பதினாறு வருடமாக முதல் சுற்றிலேயே தோற்றுப் போன அணி இன்று எங்களுக்கு எதிரே நிற்கிறது. எங்கள் அணியின் பொறுப்பாளராக அவர்களின் பெயர்ப் பட்டியலில் நான் கையெழுத்திட்டால்தான் ஆட்டம் தொடங்கும்.

போன வருடம் இல்லாத ஐந்து பெயர்களுக்கு வட்டம் போட்டு, அவர்களின் பொறுப்பாளர் குணம் அண்ணையிடம் நீட்டுகிறேன்.

"இவையள் உங்கட ஊரோ, அண்ணை?"

"எங்கட ஊர் மருமக்கள், தங்கச்சி. மருமகனும் ஊரவர் எண்டு விதியிலை கிடக்கு."

"அஞ்சு பேரும் ஒரே வருசத்திலையோ கட்டினவை?"

"நல்ல நாள் வந்தால் நாங்கள் தள்ளிப்போடுறேல்லை."

மூவர் பின்களம், இருவர் நடுக்களம். அவர்களுக்கு ஆள் குறைந்திருந்த இடங்களே இவை. காதல் இவ்வளவு ஒழுங்காக வராது. விதியை இரண்டு தரம் வாசிக்கிறேன். அவர் சொல்வது சரிதான். கையெழுத்திடுகிறேன்.

பட்டியலை மடித்தபடி கேட்கிறார்: "உங்கட கோல் கீப்பர் உம்மட அண்ணா எல்லோ? இன்னும் கட்டேல்லைத்தானே?"

"ஏன் கேட்கிறியள்?"

"சும்மா கேட்டனான்."

திரும்பிப் பார்க்கிறேன். எங்கள் கோல் காலியாக இருக்கிறது. எதிரணிக் கூடாரத்தில், குணம் அண்ணையின் சாயலில் ஒரு பெண் நீட்டிய ரோல்ஸ் தட்டை அண்ணா இரண்டு கையாலும் வாங்குகிறார்.