துரை சொன்ன ‘பிளண்டர்’

பேரியாற்றில் அணை எழும்பிக்கொண்டிருந்த காலம். கம்பத்திலிருந்து மலைத் தோட்டங்களுக்கு அரிசிப் பொதி சுமந்த மாடுகளில் என் மாடுகளுக்கு ஈடு கிடையாது. படிப்பு அரிச்சுவடியோடு நின்றது; ஆனாலும் துரைமார் வாயிலிருந்து விழுந்த இங்கிலீஷை எல்லாம் பொறுக்கி வைத்திருந்தேன். அப்படிப்பட்ட எனக்கே தெரியாத சொல் ஒன்று ஜெயமங்கலத்து அந்தோணிமுத்துவைப் படுத்தி எடுத்தது.

அவன் நெல் விளைவித்த குடும்பம். ஏலத் தோட்டத்துக்குக் கங்காணியாக வந்தவன். துரை வெளியூர் போயிருந்த சமயம், நாற்றுகள் மேல் நிழல் விழுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. வயலோரம் மரம் நின்றால் கழித்துவிடுகிற கை அல்லவா? ஆட்களை ஏற்றிக் கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினான். துரை மெச்சுவார் என்று காத்திருந்தான். ஏலம் நிழலில்தான் பிழைக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

துரை வந்தபோது பாதி நாற்று கருகிக் கிடந்தது. அவர் கத்தவில்லை. “பிளண்டர்” என்றார், பங்களாவுக்குள் போய்விட்டார்.

கணக்கப்பிள்ளை சுயம்புலிங்கம் அவனை இன்னும் பயமுறுத்திவிட்டார். “மிஸ்டேக்னா மறுபடி நடச் சொல்லுவாக. ஃபால்ட்டுன்னா கூலியில பிடிப்பாக. இது நான் கேட்டதே இல்லப்பா. கோர்ட்டுக் கச்சேரியில பேசுற சொல்லா இருக்கும்.”

நான் பொதி இறக்கப் போனபோது அவன் மனைவி மதலேனாள் ஓடிவந்தாள்.

“அண்ணே, துரை ‘பிளண்டர்’னு சொன்னாராம், இவுக சோறு தொடல. ராவோட ராவா ஓடிருவோம்கிறாக.”

“ஒப்பந்தத்துல வந்தவன் ஓடினா ஜெயிலு, ஆத்தா. நான் கீழ போயி அர்த்தம் கேட்டு வாரேன். அதுவரைக்கும் அவனக் கட்டிப் போடு.”

“எதுல கட்ட? கயிறெல்லாம் உங்க மாட்டுலல்ல இருக்கு!”

ராயப்பன்பட்டியில் வேதக்கோயில் உபதேசியார் பிலவேந்திரன் இருந்தார். வெள்ளைக்காரச் சாமியாரிடம் இங்கிலீஷ் படித்தவர். அவர் நிதானமாகத்தான் சொன்னார். எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஆதியில் அந்தச் சொல், கண்ணை மூடிக்கொண்டு தட்டுத் தடுமாறி நடப்பதற்கு வழங்கியதாம். பிறகு ஒன்றோடொன்றைக் கலந்து குழப்புவதற்கு. இப்போது புத்தியில்லாமல் செய்த பெரிய பிழைக்கு.

“திருட்டு, துரோகம்?”

“அதுக்கெல்லாம் வேற சொல்லு இருக்கு. வேணும்னு செஞ்சவன இப்படிச் சொல்ல மாட்டாக.”

விடியுமுன் மலையேறினேன். என்னைப்போல் வேகமாக அந்தப் பாதையில் ஏறியவன் இன்றுவரை இல்லை. பாதி வழியில் மூட்டையும் முடிச்சுமாக அந்தோணியும் மதலேனாளும் எதிரே இறங்கி வந்தார்கள். யார் கண்ணிலாவது பட்டிருந்தால்?

“ஏலே அந்தோணி! உன்னை முட்டாப்பயன்னுதான்டா சொல்லிருக்காக. குத்தவாளின்னு சொல்லல!”

“நெசமாவா?” என்றான். “முட்டாப்பயல செயில்ல போட மாட்டாகளா?”

“போட்டா இடம் பத்தாது. திரும்பு!”

மதலேனாள் மூட்டையை அவன் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு மேலே நடந்தாள். அவனும் வேறு வழியில்லாமல் பின்னால் போனான்.

காலைப் பெயர் கூப்பிடும்போது அவன் கடைசி வரிசையில் ஒதுங்கி நின்றான். துரை அவனை முன்னால் கூப்பிட்டார். கங்காணிக் கோலைக் கேட்டு வாங்கினார். கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொன்னார்.

“கேஸ் இல்லையாம்” என்றார் சுயம்புலிங்கம். “கங்காணி வேலையும் இல்ல. கூலியாளா நிக்கலாம்.”

அந்தோணிமுத்து அங்கேயே குந்திவிட்டான். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை. மதலேனாள் அரிவாளை அவன் கையில் திணித்தாள்.

“எந்திரிங்க. வெயில் ஏறுது. பெரணித் தழை அறுத்து மிச்ச நாத்தையாவது மூடணும்.”