பத்தாவது ஆள்

இலங்கை மலையகத்தில் எல்ல என்ற ஊருக்கு மேலே, பழைய தேயிலைத் தோட்டத்துப் பங்களா ஒன்றில் நான் சமையல்காரன். இப்போது அது வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி. அறைகளைச் சுத்தம் செய்வது என் மனைவி. எனக்கு ஆட்களோடு பேச வெட்கம். கோயிலில் பொங்கல் வாங்கக்கூட அவளைத்தான் அனுப்புவேன்.

போன வருஷம் லண்டனிலிருந்து ஒரு யூதக் குடும்பம் வந்தது. ஒரு பெரியவர், அவருடைய மனைவி, மகன்கள், மருமகன்கள், பேரப்பிள்ளைகள். வேதம் கிடைத்த நாளைக் கொண்டாடும் அவர்களுடைய பெருநாள் அந்தக் கிழமைதான் வந்தது. இறைச்சி கிடையாது, பால் சாப்பாடுதான். பாத்திரத்தைக்கூட அவர்களே கொண்டுவந்திருந்தார்கள். கூடம் முழுக்கப் பச்சை இலையும் காட்டுப்பூவும் கட்டினார்கள்.

"கல்யாணமான்னு கேளுங்க," என்றாள் மனைவி. எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன்.

"ஏறக்குறைய அப்படித்தான், கடவுளுக்கும் எங்களுக்கும்," என்று சிரித்தார் பெரியவர்.

மறுநாள் காலையில் அந்தச் சிரிப்பைக் காணவில்லை. வேதச்சுருளை எடுத்து வாசிக்க வளர்ந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டுமாம். சரியாகப் பத்துப் பேரோடுதான் புறப்பட்டிருக்கிறார்கள். ஆனால் வயிற்றுக்கோளாறில் கண்டியிலேயே படுத்துவிட்ட ஒரு மருமகன், பெருநாள் தொடங்குமுன் வந்துவிடுவதாகச் சொல்லியும் வரவில்லை. மீதி ஒன்பது. பெருநாளில் அவர்கள் போன் தொடமாட்டார்கள், வாகனம் ஏறமாட்டார்கள், பேனாகூடப் பிடிக்கமாட்டார்கள்.

"பதிமூன்று வயதிலிருந்து ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை," என்றார் பெரியவர். விமானத்தில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த சிறிய சுருள் மேசையில் துணிக்குள் கிடந்தது.

"தனியா வாசிச்சா ஆகாதா, ஐயா?"

"கடவுள் அன்றைக்கே மலையில் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் வாங்கவேண்டியது நாங்கள். அன்றைக்குக் கூட்டமாக நின்றுதானே வாங்கினோம்?"

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பேர் போட்டுவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போனால் அரைப்பேர்தான் விழும், அரைநாள் சம்பளம். நான் வளர்ந்ததே அந்தக் கணக்கில். "சின்னப் பேரன்கள் ரெண்டு பேர் இருக்காங்களே, ஆளுக்கு அரைப்பேர் போட்டா ஒரு பேர் ஆயிடாதா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு தோளில் போட்டிருந்த சால்வை நழுவும்படி சிரித்தார். "எங்கள் பண்டிதர்கள் இதைக் கேட்டால் நூறு வருஷம் விவாதிப்பார்கள்!" ஆனால் கை மறுபடியும் அந்தத் துணியைத் தடவப் போய்விட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "பதுளை ரயில் வர்ற நேரம். நான் போய் ஆள் பார்க்கிறேன்," என்றேன்.

"யாரு, நீங்களா?" மனைவி துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டாள். "வாயைத் தொறந்து பேசணும், தெரியும்ல?"

பேசாமல் முடிக்க ஒரு வழி வைத்திருந்தேன். அட்டைப்பெட்டி மூடி ஒன்றில் பெரிய இங்கிலீசு எழுத்தில், 'பத்தாவது ஆள் தேவை' என்று எழுதினேன். எதற்கு என்று எழுதத் தோன்றவேயில்லை.

ஸ்டேசனில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று அட்டையை மட்டும் வெளியே நீட்டினேன். ஆட்டோக்காரத் தம்பி ஒருவன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, கிரிக்கெட்டா? பதினொண்ணுல்ல வேணும்!"

"இல்ல தம்பி, வேதம் வாசிக்க."

"அதுக்கெதுக்குண்ணே டீமு?"

ஒரு வெள்ளைக்கார அம்மா, பெண்களைச் சேர்ப்பீர்களா என்று கேட்டார். ஒருவர் காலைச் சாப்பாடு உண்டென்றால் வருவதாகச் சொன்னார். இரண்டு பேர் அட்டையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ரயில் வந்தது. பைகளைச் சுமந்த கூட்டம் என்னைத் தாண்டிப் போனது. மேடை காலியாகிக்கொண்டே வந்தது. அந்தத் துணியைத் தடவிய கை என் கண்ணுக்குள்ளேயே நின்றது. தூணை விட்டு வெளியே வந்து, அட்டையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"டென்த் மேன்! டென்த் மேன்!"

குரல் ஆட்டுக்குட்டி கத்தியதுபோல உடைந்தது. ஸ்டேசனே திரும்பிப் பார்த்தது. வாசலைத் தாண்டிவிட்ட ஒரு வாலிபனும் திரும்பினான். நீளமுடி, காதில் வளையம். அட்டையைப் படித்துவிட்டு ஓடி வந்தான்.

"இன்றைக்கா பெருநாள்? மறந்தே போனேன்! ஒன்பது பேரும் எங்கே?"

ஒன்பது என்று நான் சொல்லவேயில்லை. எனக்குப் புல்லரித்தது.

"எப்படித் தெரியும்?" என்றேன்.

"வேறு யார் பத்தாவது ஆளைத் தேடுவார்கள்?"

ஆட்டோக்காரத் தம்பி ஏறச் சொன்னான். நாள் ஞாபகம் வந்த பிறகு வாகனம் ஏறமுடியாது என்று வாலிபன் மறுத்துவிட்டான். அவனுடைய பையை நான் தூக்கிக்கொண்டேன். தேயிலைக்குள் குறுக்குப்பாதையில் இருவரும் ஏறினோம். வழியெல்லாம் நான்தான் பேசினேன். பெரட்டு, அரைப்பேர், அந்தப் பேரன்கள் என்று மூச்சு வாங்க வாங்க, நிறுத்த முடியாமல் பேசினேன்.

மனிதர்களை எண் போட்டு எண்ணக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் நாங்கள் பங்களாவுக்கு வந்து சேர்ந்ததும் பெரியவர் பத்துச் சொல் உள்ள ஒரு வேதவாக்கியத்தை ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தார். வாலிபனிடம் வந்ததும் கடைசிச் சொல்லை இரண்டு தடவை சொன்னார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். சுருள் விரிந்தது.

நான் சமையலறைக்குள் போய்க் கதவோரம் நின்றேன். திடீரென்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

மனைவி காலால் கதவைச் சாத்தினாள். "அங்க வேதம் வாசிக்கிறாங்க. இங்க என்ன, கெக்கேபிக்கேன்னு!"

"நான் கத்துனேன்டி. ஸ்டேசன்ல. ரெண்டு தடவ."

"பொய்."

"சத்தியமா."

"எங்க, ஒருதரம் கத்துங்க பாப்போம்."

மெதுவாகக் கத்திக் காட்டினேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் பத்துக் குரல்கள் ஒன்றாக "ஆமென்" என்றன.